மூன்று பச்சை ஃபேன்கள்

மே 11, ஞாயிறு

கத்திரி வெயில். காலை ஏழுக்கே தார்ப்பாய் கையைச் சுட்டது. கம்பெனி ரோட்டுச் சந்தையில் இன்று போட்டவை: மிக்ஸி இரண்டு, இண்டக்‌ஷன் அடுப்பு மூன்று, அயர்ன் பாக்ஸ் நான்கு, சைக்கிள் ஒன்று (முன் டயர் மாற்றியது), சேஃப்டி ஷூ ஒரு குவியல். ஜோடி சேராத ஷூ தனிக் குவியல்.

போனவை: அடுப்பு ஒன்று, ஷூ மூன்று ஜோடி. சைக்கிளை ஆறு பேர் ஓட்டிப் பார்த்தார்கள். ஆறு பேரும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

இடுப்பு. ரோலிங் மில்லில் கம்பி விழுந்த அதே இடம். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை போடும் குமுதாதான் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறாள். "யண்ணா, நீ ஆளா இல்ல அரிசி மூட்டையா?"

அமலி சர்ச்சில் பூசை முடிந்து, மதியம் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். தார்ப்பாயைப் பார்த்தாள், பிறகு என்னை.

"இத்தன வெயில்ல குந்திக்கினு இருக்கணுமா? ஊட்லயே ஃபோட்டோ புடிச்சி ஆப்ல போட்டா போதும். போன வாரம் ஃபேன் போச்சா இல்லியா?"

போனது உண்மைதான். மூடப்போகிற ஒரு மெஸ்ஸிலிருந்து பச்சை டேபிள் ஃபேன் மூன்று வாங்கியிருந்தேன். பழைய இரும்பு உடம்பு, மோட்டார் கல் மாதிரி. மூன்றுக்கும் புது ஒயர் போட்டேன். ஒன்று போன ஞாயிறு இதே சந்தையில் போயிற்று. இன்னொன்றை அமலி ஆப்பில் போட்டாள். மறுநாள் திருவள்ளூர் கோர்ட்டில், மில் மேல் போட்ட என் இடுப்புக் கேஸ் வாய்தா. ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய், ஸ்டேஷன் வாசலில் ஓர் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். (வாய்தா தள்ளிப்போயிற்று. ஃபேன் விற்றதாவது மிச்சம்.) மூன்றாவது எங்கள் வீட்டில் ஓடுகிறது.

சந்தையில் ஒரு ஃபேன் விற்க முக்கால் மணி நேரப் பேச்சு. ஆப்பில் ஒரு ஃபேன் விற்க நாற்பத்து மூன்று மெசேஜ். இருக்கா? கடைசி விலை? இன்னும் கடைசி? எதில் களைப்பு அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை. அங்கே வாய் வலிக்கிறது, இங்கே கட்டைவிரல்.

மே 12, திங்கள்

அமலிக்கு முதல் ஷிஃப்ட். நாலரைக்கு வேன். பேக்கிங் செக்‌ஷனில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு மூன்று மணிக்குத் திரும்பி, டீ குடித்த கையோடு கட்டில் மேல் வெள்ளைப் போர்வை விரித்து ஃபோட்டோ எடுக்க ஆரம்பித்துவிட்டாள். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், சைக்கிள். சைக்கிளைப் போர்வை மேல் ஏற்றவேண்டாம் என்று தடுத்தேன்.

"ஓரத்துல உன் கால் தெரியுது, தள்ளு."

தள்ளினேன். இப்படி என்னைத் தள்ளித் தள்ளி, விற்கிறவன் இல்லாமலே சாமான் விற்கிற நாள் வந்துவிடும்போல.

ஆவடியிலிருந்து ஒருவர் மிக்ஸிக்கு வருகிறேன் என்றார். வழி நான்கு தடவை கேட்டார். ஐந்து மணிக்கு "பாலத்துகிட்ட வந்துட்டேன்" என்று மெசேஜ். ரோட்டுக்குப் போய் மிக்ஸியோடு நின்றேன். ஆறுவரை நின்றேன். பிறகு அந்தப் பெயரையே ஆப்பில் காணவில்லை. சந்தையில் வாங்காமல் போகிறவனின் முதுகாவது தெரியும்.

கீரை, முட்டை. தலைவலி மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மே 13, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது.

நாலு மணி இருக்கும். அமலி வேலையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு வீடு துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் மிக்ஸி ஜாரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு சத்தம். கத்தல்கூட இல்லை, விக்கல் மாதிரி. போய்ப் பார்த்தால் சுவர் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். ஃபேன் கவிழ்ந்து கிடந்து ஓடுகிறது. ப்ளக்கைப் பிடுங்கினேன். ஈரத் தரை, வெறுங்கால். அடியில் துடைக்க ஃபேனை நகர்த்தியிருக்கிறாள்.

உதடு வெளுத்துவிட்டது. வலது உள்ளங்கையில் கோடு மாதிரி தீய்ந்திருந்தது. அவள் சொன்ன முதல் வார்த்தை: "ஃபேன் ஒடஞ்சிடுச்சா?"

பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரி. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் சரியாக இருக்கிறது என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார். "இறுக்கிப் புடிச்சிருந்தா இங்க உக்காந்து பேசிக்கினு இருக்க மாட்டீங்கம்மா." அமலி அதற்குத் தலையாட்டினாள், ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொன்னால் ஆட்டுவது போல. ஏழு மணிக்கு வீடு.

அவள் படுத்ததும் ஃபேனைத் திறந்தேன். பழைய குறை எதுவுமில்லை. ஒயர் அடித்தட்டுக்குள் நுழையும் இடத்தில், மோட்டார் சூட்டில் மேல் தோல் வெல்லப்பாகாக இளகி, உள்ளே இருக்கும் செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஒயர் நான் போட்டது. சென்னையில் பிளாட்பாரத்தில் கட்டாக வாங்கியது. மேலே கம்பெனிப் பெயர் இல்லை. இலேசாக இருந்தது, கையில் எடுத்தபோதே தெரிந்தது. ஃபேனுக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும், போதும் என்று நினைத்தேன். விற்றவன் முகம் ஞாபகமில்லை.

மூன்று ஃபேன். ஒரே கட்டு ஒயர்.

மே 14, புதன்

அமலிக்கு லீவு. வலது கையில் கட்டு. இடது கையால் ஆப்பில் அந்த அம்மாவுக்கு மெசேஜ் அடித்தாள்: "ஃபேனை யூஸ் பண்ணாதீர்கள். ஒயர் சரியில்லை, கரண்ட் அடிக்கும். நாங்களே வந்து மாற்றித் தருகிறோம். உடனே பேசவும்." எங்கள் நம்பரும். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமே காணோம்.

அந்த அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது:
ஆப்பில் பெயர் "குட்டிமா". படம் ரோஜாப்பூ.
நாற்பது வயது இருக்கும். நீல ஸ்கூட்டர்.
"மாடி போர்ஷன், மேல ஷீட்டு, நெருப்பா கொதிக்குது" என்றார். மணவாள நகர்.
அவ்வளவுதான்.

சந்தையில் வாங்கியவரைப் பற்றித் தெரிந்தது:
ஒடிசாக்காரர். நாற்பதுக்கு மேல். முன்பல் ஒன்று இல்லை. சாம்பல் கலர் கம்பெனிச் சட்டை.
டீக்கடை ப்ளக்கில் மூன்று தடவை போட்டுப் பார்த்தார்.
பெயர் தெரியாது.
இதுவும் அவ்வளவுதான். எட்டு வருடமாகச் சந்தையில் உட்கார்ந்து என்ன பிரயோஜனம்.

குமுதாவுக்குப் போன் போட்டேன். விஷயம் சொன்னேன்.

"பல்லு இல்லாத ஆளா? அவரு எங்கிட்ட மூடி போட்ட பக்கெட்டு கேட்டாருண்ணா. இல்ல, அடுத்த வாரம் எடுத்தாறேன்னேன். இந்த ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கினு போனாரே. நீ பாக்கல?"

பார்க்கவில்லை. சைக்கிள் ஓட்டப்போனவனையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். இரண்டு முழம் தள்ளி நின்றிருக்கிறார்.

"ஊடு எங்கன்னு எதாச்சும் சொன்னாரா?"

"எட்டு பேரு, ஒரே பாத்ரூம்னு சொன்னாரு. தண்ணி டேங்குக்குப் பின்னால லைன் ஊடாம். வெல்டிங் வேல. குடிக்கற தண்ணில எறும்பு உழுதுன்னுதான் மூடி கேட்டாரு. நீ போயி ஒடிசா வெல்டர் பல்லு இல்லாதவருன்னு கேளு, காட்டுவாங்க."

பக்கெட்டுக்கு மூடி எதற்கு என்றுகூடக் கேட்டு வைத்திருக்கிறாள். நான் ஃபேன் யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை.

கடையில் நல்ல ஒயர் வாங்கினேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது. கையில் கனமாக இருந்தது.

மே 15, வியாழன்

காலை ஒன்பது. தண்ணி டேங்குக்குப் பின்னால் ஒன்பது லைன் வீடு. முதல் வீட்டிலேயே காட்டிவிட்டார்கள்.

பெயர் ப்ரதாப். ஆறு வருடமாக இங்கே, தமிழ் ஓரளவு வருகிறது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். பல் இல்லாத இடம் தெரிந்தது. அதைப் பார்த்து இவ்வளவு நிம்மதி அடைவேன் என்று நினைத்ததில்லை.

உள்ளே நான்கு பேர் தூக்கம், இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள். ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டி, என் ஃபேன் அவர்கள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆணியில் ஒற்றை ரப்பர் செருப்பு தொங்கியது.

"செருப்பு எதுக்கு?"

"சுவிட்ச் போட, ஃபேன் திருப்ப. கையில மாட்டி." செய்து காட்டினார்.

"கரண்ட் அடிக்குதா?"

"அடிக்குது. கம்மி கரண்ட்தான்."

"ஏங்க வந்து சொல்லல? ஞாயித்துக்கெழம சந்தைக்கு வந்தீங்களே."

செருப்பை ஆணியில் திரும்ப மாட்டினார். "பழைய சாமான். அந்த ரேட்டுக்கு இவ்ளோதான் வரும், நெனச்சேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அதற்குப் பிறகு ஸ்க்ரூ சரியாகப் பிடிபடவில்லை. ஒயரை மாற்றினேன். அடியில் ரப்பர் வளையமும் போட்டேன். தூங்கியவர்கள் காற்று நின்றதும் ஒவ்வொருவராக எழுந்து சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். முடித்ததும் டெஸ்டர் வைத்துக் காட்டினேன். அவர்களில் ஒருவர் டெஸ்டரை வாங்கி, அறையிலிருந்த எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். கதவு, டிரங்குப் பெட்டி, பக்கெட்டின் கைப்பிடி.

பொரியும் டீயும் கொடுத்தார்கள். கிளம்பும்போது ப்ரதாப் சுவரைக் காட்டினார். கரியால் நிறைய நம்பர்: கேஸ், கான்ட்ராக்டர், ஊருக்கு ரயில் டிக்கெட் போடுகிறவன். என் நம்பரையும் எழுதச் சொன்னார். எழுதினேன். பக்கத்தில் ஒடியாவில் ஏதோ எழுதிக்கொண்டார். ஃபேன் என்றிருக்கலாம்.

ஒன்று முடிந்தது. இன்னொன்று.

மே 16, வெள்ளி

குட்டிமாவிடமிருந்து பதில் இல்லை. ஆறு மெசேஜ் ஆயிற்று.

அமலிக்கு ஒரு யோசனை. நம் வீட்டு ஃபேனை ஃபோட்டோ எடுத்து ஆப்பில் புதிதாகப் போடுவோம், விற்க அல்ல, எச்சரிக்கைக்கு. "திருவள்ளூர் ஸ்டேஷனில் இந்தப் பச்சை ஃபேனை எங்களிடம் வாங்கியவர் தயவுசெய்து ஓட்ட வேண்டாம். கரண்ட் அடிக்கும்."

அரை மணி நேரத்தில் வந்தவை:
"இருக்கா?"
"கடைசி விலை?"
"அடிச்சா பரவால்ல, கம்மி பண்ணி குடுப்பீங்களா?"
"அம்பத்தூர் டெலிவரி உண்டா?"

மதியம் ஆப்காரர்களே பதிவை எடுத்துவிட்டார்கள். விதிமுறைகளுக்குப் புறம்பானதாம். யாரிடம் பேசுவது என்று தேடினால், கேள்விகள் வரிசையாக இருக்கின்றன: பணம் வரவில்லையா, பொருள் வரவில்லையா, கடவுச்சொல் மறந்துவிட்டதா. விற்ற பொருள் ஆளைக் கொல்லும் என்றால் எதை அழுத்துவது என்று இல்லை.

கோபம் வந்துவிட்டது. அமலியிடம் காட்டினேன். ஆப் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், சந்தையில் விற்றது கிடைத்துவிட்டது, நீ ஆப்பில் போட்டதுதான் இப்போது எங்கே என்று தெரியாமல் உயிரை வாங்குகிறது, இப்படியெல்லாம் கத்தினேன்.

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியதும் சொன்னாள்:

"சந்தைல வித்தா மட்டும் நல்ல ஒயரா ஆயிடுமா? ஒயரு உன்னுது."

அவள் இடது கையால் ரசத்துக்குப் புளி கரைத்தாள். நான் போய்க் கிண்ணத்தைப் பிடித்தேன். விடவில்லை, பிறகு விட்டாள்.

பிளாட்பாரத்து ஒயரில் மீதி எட்டு மீட்டர். துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன்.

மே 17, சனி

வெயில் கொஞ்சம் குறைவு. புழுக்கம்.

நாளை ஞாயிறு. மணவாள நகருக்கு நாளைதான் போகவேண்டும், எல்லோரும் வீட்டில் இருக்கும் நாள் அதுதான். சந்தைக்குப் போக முடியாது. போன் கவர் விற்கும் ஆள் ஒருவர் என் இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஒரு வாரம் காலியாக விட்டால் போதும், மறுவாரம் அவர் பாய்தான் கிடக்கும்.

குமுதாவிடம் சொன்னேன்.

"பக்கெட்ட எல்லாம் பரத்தி வச்சிட்றேன். எவன் வந்து குந்தறான்னு பாக்கறேன். நீ போய்க்கினு வாண்ணா."

"பேஜாரு உனக்கு."

"உனக்குத்தான் பேஜாரு. தெருத் தெருவா சுத்தணும், உன் இடுப்புக்கு."

சாயங்காலம் பூசைக்குப் போனேன். உட்காரும் நேரத்தில் நின்றும் நிற்கும் நேரத்தில் உட்கார்ந்தும் முடித்தேன். பிரார்த்தனை என்று ஒன்றும் வரவில்லை. நீல ஸ்கூட்டர், நீல ஸ்கூட்டர் என்றே ஓடியது.

பைக்குள்: ஒயர் ஐந்து மீட்டர், ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, டெஸ்டர், டேப், ரப்பர் வளையம், வலி மாத்திரை, தண்ணீர்.

மே 18, ஞாயிறு

ஐந்தரை பஸ். பெரியபாளையத்தில் மாறி, தி.வள்ளூர் எட்டு மணி. ஒரு டீ, இரண்டு இட்லி.

ஸ்டேஷன் ஆட்டோக்காரர்களிடம் கேட்டேன். "நீல ஸ்கூட்டரா? மணவாள நகர்ல நூறு நீல ஸ்கூட்டர் கீது சார்." சரிதான்.

மாடி போர்ஷன், ஷீட் போட்டது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே மூன்று தெரு நடந்தேன். பாதி வீட்டு மாடியில் ஷீட். ஒரு வீட்டு நாய் என்னைத் திருடன் என்று முடிவு கட்டிவிட்டது. ஒரு பெரியவர் வந்து, "யார் ஊட்ட நோட்டம் உட்ற?" என்றார். சொன்னேன். நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டார்.

அப்புறம்தான் கூவ ஆரம்பித்தேன். சந்தையில் கூவியிருக்கிறேன், தெருவில் கூவியதில்லை. முதல் தடவை குரலே வரவில்லை.

"பச்ச டேபிள் ஃபேனு, ஒயரு மாத்தித் தரேன், காசு வாணாம்..."

ஜன்னல்கள் திறந்தன, மூடின. ஓர் அம்மா கதவைச் சாத்தும்போது உள்ளே யாரிடமோ சொன்னது கேட்டது: "காசு வாணாமாம். எத்தத் தூக்கிக்கினு போவப் போறானோ."

நாலாவது தெருவில் "காசு வாணாம்" என்பதை விட்டுவிட்டேன். "டேபிள் ஃபேனு, மிக்ஸி, ஒயரு மாத்தறது." உடனே ஆள் வந்தது. ஒரு கிரைண்டர் ப்ளக், ஒரு ஸ்டாண்ட் ஃபேன், ஓர் அயர்ன் பாக்ஸ். வாசல் படியில் உட்கார்ந்து செய்துகொடுத்தேன். செய்துகொண்டே ஒவ்வொருவரிடமும் கேட்டேன். மூன்றாவது, அயர்ன் பாக்ஸ்காரம்மா, கேட்டதும் சொன்னார்:

"பச்ச ஃபேனா? பின்னாடி தெருவுல லதா வாங்கியாந்துச்சே. ஸ்கூட்டர்ல துப்பட்டாவால கட்டிக்கினு. நாங்கூட கேட்டேன், இன்னாடி இது, மிலிட்டிரி ஃபேனான்னு."

அயர்ன் பாக்ஸைப் பாதியில் வைத்துவிட்டு எழப்பார்த்தேன், முடியவில்லை. அவரே லதாவுக்குப் போன் பண்ணினார். ஐந்து நிமிடத்தில் நீல ஸ்கூட்டர் வந்தது.

"நீங்களா? இன்னாங்க, ஃபேன் நல்லாத்தான ஓடுச்சி?"

"மெசேஜ் போட்டோம்மா, நாலு நாளா."

"நான் அந்த ஆப்பயே எடுத்துட்டேனே. ஒரு பீரோ விக்கறதுக்குப் போட்டேன். பீரோவக் கேக்கறவன் ஒருத்தன் இல்ல. சாப்ட்டியா, ஃபோட்டோ அனுப்புன்னுக்கினு கண்டவனும். சீன்னு எடுத்துட்டேன்."

ஒயர் விஷயம் சொன்னேன். என் வீட்டில் நடந்ததையும். லதா கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"இப்ப எங்கம்மா கீது அது?"

"இங்க இல்லியே. எங்க அண்ணன் புதன்கெழம வந்தாரு, உளுந்து தூத்தறதுக்குன்னு கேட்டாரு, குடுத்து உட்டேன். பள்ளிப்பட்டுப் பக்கம்."

படியில் உட்கார்ந்தபடியே இருந்தேன். லதா நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நீண்ட நேரம் மணி அடித்தது. எடுத்ததும் குரலுக்குப் பின்னால் உர்ரென்று ஒரு சத்தம். அந்த மோட்டார் சத்தம் எனக்குத் தெரியும்.

"யண்ணா, அந்தப் பச்ச ஃபேனு எங்க கீது?"

"வாசல்ல ஓடிக்கினுகீது. உளுந்து தூத்தறோம். இன்னா இப்ப?"

போனை நான் வாங்கிக்கொண்டேன். "ஐயா, நான் ஃபேன் வித்தவன். ஃபேனுகிட்ட யாரு கீறாங்க?"

"எம் பொண்டாட்டி நிக்கிறா. மொறத்த வச்சிக்கினு."

"அவங்கள அத்தத் தொடாம அப்படியே பின்னால வரச் சொல்லுங்க. நீங்க செருப்பு போட்டுக்கினு போயி செவுத்து சுவிட்ச ஆஃப் பண்ணுங்க. ஃபேனத் தொடாதீங்க. அதுல கரண்ட் வரும்."

போனை எங்கோ வைத்த சத்தம். தெலுங்கில் ஏதோ கத்தினார். ஒரு பெண் குரல் பதிலுக்குக் கத்தியது. உர்ரென்ற சத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. லதா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார், எப்போது பிடித்தார் என்று தெரியாது. அயர்ன் பாக்ஸ்காரம்மா வாசலில் அப்படியே நின்றார்.

சத்தம் தேய்ந்து, தேய்ந்து, நின்றது.

"நிறுத்திட்டேன்" என்றார்.

அயர்ன் பாக்ஸை முடித்துக் கொடுத்தேன். லதா சாப்பிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. வீடு வந்து அமலியிடம் சொன்னபோது எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நாளைக்குப் பள்ளிப்பட்டுக்கு அவளும் வருவதாகச் சொன்னாள். கட்டோடு எதற்கு என்றேன். ஆறுக்கு எழுப்பு என்றாள்.

குமுதா போன்: இடம் பத்திரம். போன் கவர்காரரோடு சின்னச் சண்டையாம். இரண்டு மக் உடைந்ததாம்.

மே 19, திங்கள்

ரயில், ரயில், பஸ், ஷேர் ஆட்டோ. பள்ளிப்பட்டு தாண்டி நாலு கிலோமீட்டர். பதினொன்றரை ஆகிவிட்டது. அமலி வழியெல்லாம் ஜன்னல் ஓரம் தூங்கினாள்.

லதாவின் அண்ணன் பெயர் முனிரத்தினம். சொந்த நிலம் கொஞ்சம், ஒரு மாடு. வாசலில் ஃபேன் அப்படியே இருந்தது, நேற்று நிறுத்திய இடத்தில். சுற்றிலும் நான்கு செங்கல் வைத்து வேலி போட்டிருந்தார்கள். தூற்றாத உளுந்து ஒரு பக்கம் குவியல்.

திறந்தேன். தோல் இளகியிருந்தது. செம்பு இரும்பைத் தொட இன்னும் ஒரு நூல் இடைவெளி. முனிரத்தினத்துக்குக் காட்டினேன். குனிந்து பார்த்தார். அவர் மனைவி அமலியின் கையைப் பிடித்துக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஃபேனாலயா?" "இதோட கூட்டாளி ஃபேனு" என்றாள் அமலி. அந்த அம்மா அவளை உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தார்.

ஒயர் மாற்றி, வளையம் போட்டு, ஸ்க்ரூ முடுக்கி, டெஸ்டர் வைத்தேன். விளக்கு எரியவில்லை. "சரியாயிடுச்சும்மா" என்றேன்.

வெளியே வந்திருந்த அந்த அம்மா டெஸ்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"போன தபாவும் சரியா கீதுன்னுதான நைனா குடுத்த?"

"ஆமாம்மா."

"அப்ப நீயே தொட்டுக் காட்டு."

புழுதி அடங்கச் சற்று முன் தண்ணீர் தெளித்த வாசல், இன்னும் ஈரம். முனிரத்தினம் ஏதோ தடுக்கப்போனார், அமலி அவரைப் பார்த்தாள், விட்டுவிட்டார். செருப்பைக் கழற்றினேன். சுவிட்சைப் போடச் சொன்னேன். இரும்பின் மேல் கையை வைத்தேன், முழுக் கையையும்.

காற்று மட்டும் வந்தது. எடுக்கலாம் என்று அந்த அம்மா சொல்லும்வரை வைத்திருந்தேன்.